மாம்பழ எசன்ஸ்

என் கணவர் குடியை விட்ட பிறகும் பியர் செய்வதை விடவில்லை. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் என்னைத்தான் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். உனக்கென்ன விசரோ, பிறகேன் அந்தச் சாமானை வீட்டுக்குள் வைத்திருந்தாய் என்பார்கள். சொல்லட்டும். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த மனிதன், வேலைக்கும் போக ஏலாமல், வால்தம்ஸ்டோவில் எங்கள் வீட்டு முன்யன்னல் ஓரமாகக் கையை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க இருந்ததை அவர்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

ஈரல் பழுதாகிப் போயிருந்தது. டொக்டர் அம்மா என்னையும் பக்கத்தில் இருத்தி வைத்துத்தான் சொன்னார். இனி ஒரு துளியும் கூடாது, இன்னொரு தரம் இப்படி வந்தால் நாங்கள் இவரைத் திருப்பி உங்களிடம் தருவோம் என்று சொல்ல முடியாது. என்னுடைய அரைகுறை இங்கிலீஷுக்கு அது வடிவாகவே விளங்கியது. வீட்டுக்கு வந்த கையோடு விஸ்கி, வைன், வருகிறவர்களுக்கென்று எடுத்து வைத்திருந்த பிரண்டி எல்லாவற்றையும் சிங்கில் கவிழ்த்தேன். இருமல் மருந்தைக்கூட விட்டு வைக்கவில்லை. அவர் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பின்வளவு ஷெட்டில் இருந்த பியர் வாளியை நான் தூக்கியபோதுதான் வாய் திறந்தார்.

"அதை விடும். எனக்குக் கைவேலை ஒண்டு வேணும்."

"குடிக்காத ஆளுக்கு என்னத்துக்குப் பியர்?"

"சனத்துக்குக் குடுப்பம். நான் மூக்கால மணந்து மட்டும் பாக்கிறன். ருசியை நீர் பாத்துச் சொல்லும்."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறந்ததில் இருந்து ஒரு சொட்டு வாயில் வைக்காத என்னைப் பிடித்துப் பியருக்கு ருசி பார்க்கச் சொல்கிறார். ஆனால் ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு அவர் ஏதாவது ஒன்றைக் கேட்டது அன்றைக்குத்தான். வாளியைக் கீழே வைத்தேன். ஒரு நிபந்தனை போட்டேன், அம்மனுக்கு முன்னால் சத்தியம் செய்ய வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை ரயில் மாறி வெஸ்ட் ஈலிங் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கதையில் ஓட்டை பிடிப்பதில் என் கணவரை வெல்ல ஆளில்லை. முன்பும் ஒரு தரம் "இனிக் குடிக்கமாட்டன்" என்று சொல்லிப் போட்டு, "பியரெல்லாம் ஒரு குடியோ?" என்று என்னையே திருப்பிக் கேட்டவர். அதனால் இந்த முறை பெயர் பெயராகச் சொல்ல வைத்தேன். விஸ்கி, பிரண்டி, ரம், வொட்கா, வைன், பியர், சாராயம். எங்கள் கடைகளில் போத்தலில் வருகிற கள்ளையும் விடவில்லை. பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டு நின்ற மனுசி ஒருத்தி கண்ணைத் திறந்து பார்த்தாள். பார்த்தால் பார்க்கட்டும் என்று நின்றேன். ஒன்றையும் மறக்கவில்லை என்று எனக்கு அப்படி ஒரு நிறைவு.

பிறகு வீட்டில் பியர் செய்யத் தொடங்கினார். அந்த வேலை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. மால்ட் பாகைச் சுடுதண்ணியில் கரைத்து, ஆறவிட்டு, ஈஸ்ட் தூவி மூடி வைப்பார். அடுத்த நாள் தோசை மா பொங்குகிற மாதிரி வாளிக்குள் நுரை எழும்பும். மூடியில் இருக்கிற சின்னக் குழாயில் தண்ணீர் குமிழி விடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஒரு கதிரையைப் போட்டு இருப்பார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எத்தனை வருசத்துக்குப் பிறகு அந்த முகத்தைக் கண்டேன்.

பழம் போடுகிற யோசனை அவருடையதுதான். வெள்ளைக்காரர் ராஸ்பெரி போடுகிறார்கள், நாங்கள் ஏன் மாம்பழம் போடக் கூடாது என்றார். தமிழ்க் கடையில் தகரத்தில் வருகிற மாம்பழக் கூழை வாங்கி வந்து, முதல் நொதிப்பு அடங்கிய பிறகு வாளிக்குள் ஊற்றினார். வந்த பியரில் மாம்பழத்தின் மஞ்சள் இருந்தது, மாம்பழம் இல்லை. வாயில் வைத்தால் புளித்துப்போன கஞ்சி. "ஈஸ்ட் இனிப்பு முழுக்கத் திண்டு போட்டுது, மணத்தையும் கொண்டு போட்டுது" என்று தலையில் கை வைத்தார். பிறகு கடையில் விற்கிற மாம்பழ எசன்ஸை விட்டுப் பார்த்தார். அது சவர்க்காரம் மாதிரி இருந்தது. நான் சிங்கில் துப்பினேன்.

அதற்குப் பிறகுதான் தானே எசன்ஸ் செய்யத் தொடங்கினார். என் கண்ணுக்கு முன்னாலேதான் செய்தார். எங்கள் ஊர்க் கறுத்தக்கொழும்பான் கிடைக்காது, பாகிஸ்தான் மாம்பழம் பெட்டியோடு வருகிற காலத்தில் வாங்கி, தோலை மெல்லிசாகச் சீவி, கண்ணாடிப் போத்தலுக்குள் போட்டு, அதன் மேல் வொட்காவை ஊற்றினார். வொட்கா போத்தலைக் கண்டதும் எட்டி அவருடைய கையைப் பிடித்தேன்.

"என்னப்பா இது?"

"மணத்தை இழுக்கிறதுக்குத்தான். தண்ணி இழுக்காது. தோல் போட்ட பிறகு இது வொட்கா இல்லை, எசன்ஸ்."

எசன்ஸ். எங்கள் வீடுகளில் அந்தச் சொல்லுக்கு ஒரு குற்றமும் இல்லை. பட்டர் கேக்குக்கு வனிலா எசன்ஸ், ஐஸ்கிறீமுக்கு ஸ்ட்ரோபெரி எசன்ஸ், சர்பத்துக்கு ரோஸ் எசன்ஸ். கேக் அடிக்கும்போது பிள்ளைகள் கரண்டியை நக்குகிற சாமான். மிச்ச வொட்காவையும் அவரே ஒரேஞ்ச் நிறத் தோடம்பழத் தோல் மேல் ஊற்றி முடித்து, வெறும் போத்தலைக் குப்பைக்குள் போட்டுக் காட்டினார். நான் ஆறிப்போனேன்.

வடித்து எடுத்த எசன்ஸைச் சின்னச் சின்ன மண்ணிறப் போத்தல்களில் விட்டார். நான்தான் பேப்பர் வெட்டி, மாம்பழம், தோடம்பழம், தேசிக்காய், பாஷன் பழம், நெல்லி என்று எழுதி ஒட்டினேன். குசினி அலுமாரியில் வனிலாவுக்குப் பக்கத்தில் அடுக்கினேன். பியரைப் போத்தலில் அடைக்கிற நாளில் அவர் சின்னக் கிளாசில் கொஞ்சம் எடுத்து, பிள்ளைகள் சின்னனாக இருந்தபோது மருந்து பருக்கிய குழாயால் சொட்டுச் சொட்டாக எசன்ஸ் விட்டு என்னிடம் நீட்டுவார்.

"காணுமோ?"

நான் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுவேன், காணும் அல்லது காணாது. நான் வேலை செய்கிற பள்ளிக்கூடச் சமையலறையில் ஒரு மதுரைப் பெண் இருக்கிறாள். எனக்குத் தேத்தண்ணிக்குச் சீனி போடும்போது "காணும்" என்றால், "எதைக் காணோம்க்கா?" என்று மேசையைச் சுற்றித் தேடுவாள். போதும் என்பதைத்தான் நாங்கள் இப்படிச் சொல்லுவோம் என்று எத்தனை தரம் விளங்கப்படுத்தியும் அவளுக்குச் சிரிப்பு. எனக்கு அந்தச் சொல்லைக் கணவரின் வாயில் கேட்கப் பிடித்திருந்தது. குடித்த காலத்தில் அவருக்குத் தெரியாத சொல் அது.

மாம்பழ பியர் எங்கள் சனத்துக்குள் பேர் எடுத்துவிட்டது. பிறந்தநாள் என்றால் ஒரு பெட்டி, வீடு குடிபூரல் என்றால் ஒரு பெட்டி. அவருக்கு வயிற்றில் அல்சர், அதுதான் தான் குடிப்பதில்லை என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தோம். ஈரல் கதை என்னையும் அவரையும் பிள்ளைகளையும் தவிர ஒருவருக்கும் தெரியாது. பிள்ளைகள் இரண்டு பேரும் வேலையென்று வேறு ஊர்களில். காவல் இருந்தது நான் ஒருத்திதான். கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு இருந்தேன். ஷெட்டைப் பூட்டி அதன் திறப்பை என் கைப்பைக்குள் வைத்திருந்தேன். பியர் போத்தல்களை ஒன்று எடுத்தாலும் தெரிகிற மாதிரி அடுக்கியிருந்தேன். வேலையால் வந்ததும் முதலில் ஷெட்டைத் திறந்து பார்ப்பேன், பிறகுதான் செருப்பைக் கழற்றுவேன். ஒரு நாளும் ஒன்றும் குறையவில்லை.

அவரில் எப்போதும் பழ மணம் வரும். அவர் பக்கத்தில் வந்து ஏதாவது கதைத்தால் தோடம்பழம் மணக்கும். கள்ளமாக அவருடைய மூச்சை மணந்து பார்த்த நாட்களிலும் அதுதான் மணந்தது. நாள் முழுக்க அந்தத் தோல்களோடு கிடக்கிறார், மணக்காமல் என்ன செய்யும் என்று நினைத்தேன். பின்னேரம் நான் வரும்போது சில நாள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருப்பார். ஈரல் வருத்தக்காரனுக்குக் களைப்பு வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அலுமாரியில் போத்தல்கள் பெருகிக்கொண்டே போயின. ஒரு வாளி பியருக்கு ஒரு கரண்டி எசன்ஸ் காணும். எங்கள் அலுமாரியில் நின்றது ஒரு ஊருக்குக் காணும். அதைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன்.

அவருடைய தங்கச்சி, என் மச்சாள், ஹவுன்ஸ்லோவில் இருக்கிறா. எயார்போட்டில் வேலை. மகளின் கல்யாண வரவேற்புக்கு அண்ணையின் மாம்பழ பியர்தான் வேண்டும் என்று பிடிவாதம். ருசி பார்த்து முடிவு சொல்ல ஒரு சனிக்கிழமை மத்தியானம் பற்றிஸ் பொரித்துக் கட்டிக்கொண்டு வந்தா. அவ வருகிறா என்று நான் காலையிலேயே அலுமாரியில் இருந்ததை வெளியே எடுத்துத் துடைத்து, எசன்ஸ் போத்தல்களைப் பெயர் பார்த்து வரிசையாக வைத்திருந்தேன். முன்வரிசை எது, பின்வரிசை எது என்று அவர் ஒரு கணக்கில் வைத்திருந்திருக்கிறார். எனக்கு அது எப்படித் தெரியும்? அன்றைக்கு அவருக்குச் சரியான தடிமன். மூக்கு முழுக்க அடைத்துக் கண்ணால் தண்ணி ஓடியது.

மேசையில் கிளாசுகளை வைத்தார். பியர் ஊற்றினார். மாம்பழம் என்று நான் எழுதி ஒட்டிய போத்தலை எடுத்து, குழாயால் சொட்டு விட்டு என்னிடம் தந்தார்.

"காணுமோ?"

நாக்கில் வைத்தேன். வெறும் பியர்.

"காணாது."

இன்னும் கொஞ்சம் விட்டார். "இப்ப?"

"காணாது."

"அண்ணிக்கு இண்டைக்கு நாக்குச் சரியில்லைப் போல" என்று மச்சாள் பகிடி விட்டு, கிளாசை வாங்கித் தானும் குடித்துப் பார்த்தா. "எனக்கும் மாம்பழத்தைக் காணேல்லையே அண்ணை."

அவர் குழாயை நிரப்பி முழுவதையும் கிளாசுக்குள் அமத்தினார். மணந்து பார்த்தார், மூக்கு அடைத்த மனிதனுக்கு என்ன தெரியும்? நான் போத்தலை அவருடைய கையில் இருந்து வாங்கி மூக்கில் வைத்தேன். மாம்பழம் இல்லை. வொட்காவும் இல்லை. உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நக்கினேன். அது தேத்தண்ணி. பால் விடாத, சீனி போடாத, ஆறிப்போன வெறும் தேத்தண்ணி.

அலுமாரிக்குப் போய்த் தோடம்பழத்தைத் திறந்தேன். தேத்தண்ணி. தேசிக்காய்க்குள் வெறும் தண்ணி. நெல்லிக்குள் தேத்தண்ணி. பாஷன் மட்டும் பாஷனாக இருந்தது, அதுவும் அரைவாசி. அலுமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஷெட்டுக்குப் பூட்டுப் போட்டுத் திறப்பைக் கைப்பைக்குள் கொண்டு திரிந்திருக்கிறேன். சாமான் இருந்தது என் வனிலாவுக்குப் பக்கத்தில், என் கையெழுத்தோடு.

"என்ன அண்ணி? பழுதாப் போட்டுதோ?" என்று மச்சாள் கேட்டா.

அவருடைய முகத்தைப் பார்த்தேன். சொல்லாதையும் என்று கண்ணால் கெஞ்சினார். அல்சர் என்று சொல்லிச் சொல்லி மூடி வைத்த எல்லாம் அந்தக் கண்ணில் இருந்தது. இவ்வளவு காலமும் அந்தப் பார்வைக்காகத்தான் ஊருக்குப் பொய் சொன்னேன். அன்றைக்கு எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"பழுதாப் போகேல்லை. உங்கட அண்ணை குடிச்சு முடிச்சிட்டார்" என்றேன். "உதுக்குள்ள இருந்தது வொட்கா. இவருக்கு அல்சரும் இல்லை, ஒண்டும் இல்லை. ஈரல் போட்டுது. இனி ஒருக்கா ஆஸ்பத்திரிக்குப் போனால் பிரேதமாத்தான் தருவாங்கள்."

மச்சாளின் கையில் இருந்த பற்றிஸ் அப்படியே இருந்தது. அவ அண்ணையைப் பார்த்தா. அவர் மூக்கைத் துடைத்தார்.

"நான் சத்தியத்தை மீறேல்லை" என்றார்.

"என்ன சொன்னனீங்கள்?"

"நீர் சொல்லச் சொன்ன பேர் எல்லாம் சொன்னனான். அதில ஒண்டையும் நான் தொடேல்லை. எசன்ஸ் எண்டு நீர் சொல்லேல்லை. நானும் சொல்லேல்லை."

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. உண்மையாகவே அதை நம்பிக்கொண்டு, அம்மனுக்குப் பயந்துகொண்டு, சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டுதான் குடித்திருக்கிறார். ஷெட்டில் வாளி வாளியாகப் பியர் இருக்க அதில் ஒரு சொட்டும் நாக்கில் வைக்காமல், என் கேக் அலுமாரியைத் திறந்து தோடம்பழ எசன்ஸ் குடித்திருக்கிறார். வொட்கா தீரத் தீர வாங்கி ஊறப்போட்டிருக்கிறார், தோல் போடாமல் ஒரு நாளும் குடித்ததில்லையாம். அதையும் சத்தியம் பண்ணினார். எனக்கு அழுகை வரவில்லை. அந்த மேசையைப் புரட்டிப் போடவேண்டும் போல இருந்தது.

மச்சாள்தான் முதலில் எழும்பினா. அலுமாரியில் இருந்த போத்தல்களை அள்ளிக்கொண்டு வந்து சிங்கில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தா. தேத்தண்ணியும் தண்ணியும் ஓடின, வேறொரு வரிசையில் ஒளிந்து நின்ற உண்மையான மாம்பழம் ஒன்றும் ஓடியது. கடைசியாகப் பாஷனை எடுத்தபோது அவர் எட்டி அதைப் பிடித்தார்.

"இதொண்டை விடு. கலியாணப் பியருக்கு விடலாம். இதொண்டு காணும்."

"உங்களுக்கு எப்ப காணுமா இருந்தது அண்ணை?" என்று கேட்டு மச்சாள் விம்மி அழத் தொடங்கினா. போத்தல் இரண்டு பேருடைய கையிலும் இருந்தது. அவருடைய விரல் நடுங்கியது, தடிமனில் நடுங்குகிற நடுக்கம் இல்லை அது. நான் போய் விரல்களைப் பிரித்து எடுத்து ஊற்றினேன். குசினி முழுக்கப் பாஷன் மணத்தது.

திங்கட்கிழமை மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஷிப்டை மாற்றிக்கொண்டு மச்சாளும் வந்தா. இங்கிலீஷில் எல்லாவற்றையும் அவதான் சொன்னா, அல்சர் கதையையும் எசன்ஸ் கதையையும் விடாமல். இரத்தம் எடுத்தார்கள், ஸ்கான் எடுத்தார்கள். முன்பிருந்ததை விட மோசம், ஆனால் கை விடுகிற நிலை இல்லை என்றார்கள். குடியை விடுகிறவர்களுக்கென்று இருக்கிற பகுதியில் சேர்த்து, நடுக்கத்துக்கு மருந்து தந்தார்கள். கல்யாண வரவேற்பில் மாம்பழ பியர் எங்கே என்று கேட்டவர்களுக்கு, "அண்ணைக்குக் குடியால வருத்தம், இனிச் செய்யமாட்டார்" என்று மச்சாள் நேராகவே சொன்னா. நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். அவர் எனக்குப் பக்கத்தில் தட்டில் சோற்றைப் பிசைந்தபடி இருந்தார். ஒருவரும் சாகவில்லை, கல்யாண ஹோல் இடிந்து விழவில்லை. நாங்கள்தான் அப்படி நினைத்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறோம்.

வாளியை நானே கவுன்சில் குப்பைக் கிடங்கில் கொண்டுபோய்ப் போட்டேன். அலுமாரியில் இப்போது வனிலாவும் இல்லை. கேக் அடித்தால் ஏலக்காய் போடுகிறேன். அவர் திரும்பவும் முன்யன்னல் ஓரமாகத்தான் இருக்கிறார். வேலையால் வந்ததும் செருப்போடு வீடு முழுக்க மணந்துகொண்டு திரிகிறேன், ஏலக்காய் மணத்தாலும் நெஞ்சு பக்கென்கிறது. இதை எழுதுகிற இன்றைக்கும் அவர் தப்புவாரா என்று எனக்குத் தெரியாது.

போன வெள்ளிக்கிழமை அவராகவே கோயிலுக்குப் போவம் என்றார். திரும்பவும் அதே இரண்டு ரயில். அம்மனுக்கு முன்னால் கற்பூரம் காட்டி முடிந்து சனம் விலகிய பிறகு அவர் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். இந்த முறை நான் ஒரு பெயரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவர் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். சத்தியத்துக்குத்தான் சொல் தேடுகிறார், அதில் எங்கே ஓட்டை வைக்கப் போகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"எனக்கு ஏலாமல் கிடக்கு அம்மா" என்றார். "விட ஏலாமல் கிடக்கு."

அவ்வளவுதான். பிறகு என் பக்கம் திரும்பினார். குடித்த காலத்திலும் விட்ட காலத்திலும் எசன்ஸ் காலத்திலும் அவர் வாயில் இருந்து நான் கேட்டிராத உண்மை அது.

"வேற என்ன சொல்ல?" என்று கேட்டார்.

"காணும்" என்றேன்.